மால்பேயிலிருந்து செயின்ட் மேரீஸ் தீவு: படகு டிக்கெட் வாங்கும் முன் படிக்க

உடுப்பி கிருஷ்ணன் கோயிலில் தரிசனம், மடத்துச் சாப்பாடு, அதன் பிறகு "அப்படியே அந்தத் தீவையும் பார்த்துவிடலாம்" என்று இரண்டு மணிக்கு மால்பேக்கு வண்டியைத் திருப்புவது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பலருடைய பயணத் திட்டம் இதுதான். தீவிலிருந்து முகம் வாடித் திரும்புகிறவர்களிலும் இவர்களே அதிகம். அந்த நேரத்தில் வெயில் உச்சியில் நிற்கும், கரும்பாறை அடுப்புக்கல் போலச் சுடும், கடல்காற்று எழுந்து படகு ஆடும், கடல்மட்டம் எங்கே நிற்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தீவில் கிடைப்பதோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். செல்ஃபி எடுத்து, நிழல் தேடி உட்கார்ந்து எழுந்தால் அது முடிந்துவிடும். அதே டிக்கெட்டை, காலையில் நீர் வற்றும் நாளில் முதல் படகுக்கு வாங்கியவர் இந்தியாவின் மிக அரிய பாறைக்காட்சிகளில் ஒன்றையும், அதன் அடியில் ஒட்டி வாழும் ஒரு முழு உலகத்தையும் பார்த்துவிட்டு வருவார். இந்தப் படகுச் சேவையின் தரம் பாதி படகுக்காரர்கள் கையில், மீதிப் பாதி நாம் எந்த நேரத்தில் போகிறோம் என்பதில்.

முதலில் போய்ச் சேரும் வழி. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை விரைவு ரயில் கோவை வழியாக மங்களூரு சென்ட்ரல் போகிறது. அங்கிருந்து உடுப்பி அறுபது கிலோமீட்டருக்குள், பேருந்துகள் அடிக்கடி உண்டு. உடுப்பியிலிருந்து மால்பே ஆறு கிலோமீட்டர், நகரப் பேருந்திலோ ஆட்டோவிலோ போகலாம். முதல் படகைப் பிடிக்க வேண்டுமானால் முந்தைய இரவே உடுப்பியிலோ மால்பேயிலோ தங்கிவிடுவதே சரி. மங்களூரில் தங்கிக் காலையில் கிளம்பினால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும்.

மால்பேயில் படகு ஏற இரண்டு இடங்கள் உண்டு. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய படகுத்துறையிலிருந்து பெரிய படகுகள் போகின்றன. கடற்கரை மணலிலிருந்து சிறிய விசைப்படகுகள் போகின்றன. பெரிய படகு மெதுவாகப் போகும், ஆட்டம் குறைவு, கட்டணமும் குறைவு. ஆனால் முப்பது பேர் போலச் சேர்ந்தால்தான் கிளம்பும். வார நாளில் இந்தக் காத்திருப்பு அரை மணி வரை இழுக்கும். சனி, ஞாயிறுகளில் ஆள் சேரும் கவலை இல்லை, ஆனால் தீவில் நிற்க இடம் தேட வேண்டியிருக்கும். சிறிய படகு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அலையில் அடிவயிறு தூக்கிப் போடும் என்பதால் முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்ப்பது நல்லது. வயதானவர்களோடு போனால் பெரிய படகுதான். பயணம் அரை மணிக்குள் முடியும். கட்டணம் பருவத்துக்குப் பருவம் ஏறுகிறது, அன்றைய பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் போய்வர இரண்டுக்கும் சேர்த்த டிக்கெட்தான், அதனால் திரும்பும் வரை பத்திரமாக வைத்திருங்கள். லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, மார்புப் பட்டியை நன்றாக இழுத்துப் பூட்டியிருக்கிறதா என்று குழந்தைகளுக்கு நீங்களே பாருங்கள். பெரியவர்களுக்கான அளவைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேலே வரும்.

ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை ஓயும் வரை படகுகள் ஓடாது. மழை நின்ற பிறகும் கடல் தணிந்தால்தான் அனுமதி கிடைக்கும். அக்டோபர் முதல் மே வரைதான் பருவம், அதிலும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும்தான் சிறந்தவை. கடல் அமைதி, வெயில் தாங்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குப் பிறகு வடமேற்கிலிருந்து எழும் காற்று அலையைக் கிளப்பிவிடுகிறது. அந்த மாதங்களில் காலைப் படகைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க முடியாது.

தீவில் இறங்கும் விதத்தைப் பற்றி முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. பெரிய படகு கரை வரை போக முடியாது. சற்றுத் தள்ளி நிறுத்தி, ஆட்களைச் சிறிய படகுக்கு மாற்றி, அதில்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். நடுக்கடலில் ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குக் கால் மாற்ற வேண்டும், கடைசியில் கணுக்கால் அல்லது முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டியும் வரலாம். இரண்டு படகுகளும் ஒன்றாக மேலே எழும்பும் கணத்தில் கால் வைக்க வேண்டும், ஒன்று ஏறி ஒன்று இறங்கும்போது அல்ல. இடைவெளியில் கையையோ காலையோ ஒருபோதும் விடக்கூடாது. கைபேசியும் பணப்பையும் ஜிப் வைத்த பையில் போகட்டும், இரண்டு கைகளும் காலியாக இருக்கட்டும். பட்டுப்புடவை, ஜீன்ஸ், தோல் செருப்பு எல்லாம் இந்தப் பயணத்துக்கு ஆகாது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்தச் சேவையில் இப்போதைக்கு இடமில்லை. இது பெரிய குறை.

இனி, எதற்காகப் போகிறோமோ அது. செயின்ட் மேரீஸ் என்பது ஒரே தீவு அல்ல. வடக்கு தெற்காக வரிசையாகக் கிடக்கும் நான்கு முக்கியத் திட்டுகளும் அவற்றைச் சுற்றிய சிறு பாறைகளும் சேர்ந்தது. பயணிகள் இறங்குவது தென்னைகள் அடர்ந்த கோக்கனட் தீவில் மட்டும்தான். உள்ளூர்க்காரர்கள் தோன்செபார் என்பார்கள். வடக்குத் தீவு, தெற்குத் தீவு, தரியா பகதூர்கட் ஆகிய மற்றவற்றைப் படகிலிருந்து பார்க்கலாம். கோக்கனட் தீவு அரை கிலோமீட்டர் நீளம், அதிகபட்சம் நூறு மீட்டர் அகலம், உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 மீட்டர். குடியிருப்பு கிடையாது. நாள் முடிந்ததும் எல்லோரும் திரும்பிவிட வேண்டும், இரவு தங்க அனுமதி இல்லை.

1498இல் வாஸ்கோ ட காமா இங்கே கரையிறங்கிச் சிலுவைத் தூண் நட்டு, அன்னை மேரியின் பெயரை வைத்தார் என்று சொல்வார்கள். படகுகளில் பெரிதாகச் சொல்லப்படும் கதையும் இதுதான். ஆனால் அந்தத் தூணைவிடக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய தூண்கள் காலடியிலேயே நிற்கின்றன.

தீவின் பாறை முழுக்க நெட்டுக்குத்தாக நிற்கும் கல் தூண்கள். மேலிருந்து பார்த்தால் ஐந்து பக்கம், ஆறு பக்கம், சில இடங்களில் நான்கு அல்லது ஏழு பக்கம் கொண்ட கற்கள் இடைவெளியில்லாமல் பதித்த தளம் போலத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் கட்டைகளை அடுக்கிக் கட்டிய மாதிரி. உயரமானவை ஆறு மீட்டர் வரை இருக்கும். சிற்பி செதுக்கினாரோ என்று கேட்காதவர்கள் குறைவு. எரிமலைக் குழம்பு பரவி, மேலிருந்தும் கீழிருந்தும் ஆறத் தொடங்குகிறது. ஆறும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது வெடிக்கிறது. வறண்ட ஏரியில் களிமண் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். குழம்பு ஒரே சீராக இருந்து, ஒரே சீராக ஆறினால், வெடிப்புகள் ஏறத்தாழ 120 பாகைக் கோணத்தில் மூன்று மூன்றாகச் சந்திக்கும். அதனால்தான் அறுகோணம் அதிகம். குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் கூடவே இறங்கித் தூணாக நீள்கிறது. மெதுவாக ஆறிய இடத்தில் தூண் தடிமனாகவும் வேகமாக ஆறிய இடத்தில் மெலிதாகவும் இருக்கும். தூண்களின் குறுக்கே ஓடும் படுக்கை வெடிப்புகளும் அதே குளிர்ச்சியின் வேலைதான். அலை அடிக்க அடிக்க அந்தக் குறுக்கு வெடிப்பில்தான் துண்டு கழன்று விழுகிறது, படிக்கட்டுப் போன்ற தோற்றம் அப்படித்தான் வந்தது.

இங்கே ஒரு திருத்தம் தேவை. பயணக் குறிப்புகள் பலவற்றிலும் இதை பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறை என்றும், தக்காண எரிமலையின் மிச்சம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு. தக்காணத்தில் குழம்பு பெருகியது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. செயின்ட் மேரீஸ் பாறைகளுக்குப் பல முறைகளில் கணித்த வயது 8.5 கோடி ஆண்டுகளுக்கும் 9 கோடிக்குச் சற்று அதிகமான ஆண்டுகளுக்கும் இடையில் வருகிறது. டைனோசர்கள் இருந்த காலம், இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்த காலம். அந்தப் பிளவின்போது பீறிட்ட குழம்புதான் இது. அதே காலத்து எரிமலைப் பாறைகள் மடகாஸ்கரில் பரந்து கிடக்கின்றன. இந்தப் பாறையில், மணலின் முக்கியக் கூறான சிலிக்கா அதிகம், 65 விழுக்காட்டுக்கு மேல். ரையோலைட், டேசைட் வகையைச் சேர்ந்தது. பசால்டில் சிலிக்கா ஏறத்தாழ 50 விழுக்காடுதான். சிலிக்கா கூடிய குழம்பு கெட்டியானது, வெல்லப்பாகு போல இழுபடும். அது இவ்வளவு ஒழுங்கான தூண்களாக உறைவது பசால்டில் நடப்பதைவிட அபூர்வம். தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று இதை அறிவித்திருப்பதன் பொருள் இதில்தான் இருக்கிறது. மடகாஸ்கரின் வடகிழக்குக் கரையோரத்திலும் செயின்ட் மேரி என்றே ஒரு தீவு உண்டு. பெயர் ஒன்றானது தற்செயல்தான் என்றாலும், பிரிந்துபோன இரண்டு கரைகளிலும் ஒரே பெயர் நிற்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

எங்கே நின்று பார்ப்பது? படகு இறங்கும் பக்கத்திலேயே கூட்டம் தங்கிவிடும். தென்னந்தோப்பின் ஊடே தீவைக் குறுக்கே கடந்து, வடமேற்கு ஓரத்துக்குப் போங்கள். நல்ல தூண்கள் அங்கேதான். ஒரு தூணின் தலையில் எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள், பக்கத்துத் தூணையும் எண்ணுங்கள். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வடிவியல் வகுப்பு கிடையாது. பிறகு கொஞ்சம் விலகி நின்று, தீவின் ஓரம் படிப்படியாக இறங்குவதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 6 மீட்டர், 3 மீட்டர், 1.5 மீட்டர் உயரங்களில் தட்டையான மேடைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் அலை அரித்த மட்டம். கடல் விட்டுவிட்டு இறங்கியிருக்கிறது என்பதற்கான சாட்சி. மேற்கு நோக்கிய தூண்களில் வெளிச்சம் விழுவது மதியத்துக்குப் பிறகுதான் என்பதால், படம் எடுப்பதே நோக்கம் என்றால் மட்டும் பிற்பகல் படகுக்கு ஒரு நியாயம் உண்டு.

நீர்மட்டம்தான் இந்தப் பயணத்தின் சாவி. இந்தக் கரையில் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இருமுறை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரை போகும். மற்ற நாட்களில் குறைவு. மால்பே அல்லது மங்களூரு ஏற்ற-வற்ற (டைட்) அட்டவணையை இணையத்தில் பார்த்து, நீர் முழுக்க வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகத் தீவில் இருக்கும்படி படகைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒன்றரை மீட்டர் பாறைச்சுவரில்தான் தீவின் உயிர்கள் பெரும்பாலானவை குடியிருக்கின்றன, அதுவும் மாடிமாடியாக.

மேல்மாடியில், தெறிக்கும் துளியை மட்டுமே நம்பி, மிளகு அளவு நத்தைகள் பாறைப் பிளவுகளில் கும்பலாக ஒண்டியிருக்கும். வெயிலில் வாயை மூடி ஈரத்தைச் சேமிக்கும். அதன் கீழே கொட்டலசு. படகின் அடியில் ஒட்டிக்கொண்டு மீனவர்களைப் பாடாய்ப்படுத்துமே, அதுதான். சுண்ணாம்புக் குடில் போலப் பாறையை மூடியிருக்கும். அதற்கும் கீழே பாறையோடு பாறையாகச் சிப்பிகள், விளிம்பு பிளேடு மாதிரி. இன்னும் கீழே பச்சைப் பாசி, பழுப்புப் பாசி. தூண் கழன்று விழுந்த இடத்தில் உண்டான பள்ளங்களில் கடல் வற்றினாலும் நீர் தேங்கும். அந்தக் குட்டைகள்தான் பொக்கிஷம். அருகில் குந்தி, நிழல் விழாமல், இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் வெறும் தண்ணீர் போலத் தெரியும். பிறகு ஒரு சங்கு நடக்கத் தொடங்கும், உள்ளே துறவி நண்டு. விரல் நீள மீன் ஒன்று குட்டையிலிருந்து குட்டைக்குத் துள்ளும். பூ மாதிரி விரிந்திருப்பது கடல் சாமந்தி. அதற்குக் கொட்டும் இழைகள் உண்டு, விரலை வைக்காதீர்கள். கூம்பு வடிவச் சங்கு எதுவானாலும் உயிரோடு இருந்தால் தொடக் கூடாது, சில வகைகளின் விஷம் ஆளையே கொல்லும். பாறையிலேயே தட்டையாக ஒட்டி, காலடிச் சத்தம் கேட்டதும் மறுபக்கம் மறையும் பாறை நண்டுகளைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும்.

கடற்கரை என்று அங்கே இருப்பதில் மணல் குறைவு. கிழக்குப் பக்கம் கால் வைக்கும் தரை பெரும்பாலும் உடைந்த சிப்பி ஓடுகள். வெறுங்காலில் நடந்தால் கிழிக்கும். ஓடுகளைப் பை நிறைய அள்ளி வருகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். காலியான ஒவ்வொரு சங்கும் ஒரு துறவி நண்டின் வருங்கால வீடு. இந்த ஓட்டுக்குவியல்தான் அலையின் வேகத்தைத் தாங்கிக் கரையைக் காக்கவும் செய்கிறது.

பறவை பார்க்கிறவர்கள் துறைமுகத்திலேயே தொலைநோக்கியை எடுத்துவிடலாம். மால்பே பெரிய மீன்பிடித் துறைமுகம். நவம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வரும் கடற்காகங்கள் மீன் கழிவுக்காக இங்கே கூட்டமாகக் குவியும். செம்பருந்தும் கரும்பருந்தும் ஆண்டு முழுக்க உண்டு. தீவுக்குப் போகும் வழியில் ஆலாக்கள் மிதவைகளிலும் கம்பங்களிலும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தீவின் நீர் விளிம்பில் கரையோரக் கொக்கு, உள்ளான். தோப்புக்குள் பஞ்சுருட்டான், கொண்டலாத்தி. ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வகை தேறினாலே நல்ல நாள். பாறைக் குட்டைகளோடு ஒப்பிட்டால் பறவைகள் இங்கே இரண்டாம் பட்சம்தான்.

ஆபத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் இந்தத் தீவில் கடலில் விழுந்து உயிரிழந்தார்கள். பார்த்தால் சாதுவான கடல். ஆனால் மேற்குப் பக்கம் திறந்த அரபிக்கடல், பாறை முடியும் இடத்தில் ஆழம் சட்டென்று கூடுகிறது. சிறு அலைகளுக்கு நடுவே எதிர்பாராமல் ஒரு பெரிய அலை வரும். விளிம்பில் முதுகைக் கடலுக்குக் காட்டி நின்று படம் எடுப்பவரை அதுதான் இழுக்கும். விழுந்தவர் திரும்ப ஏற முடியாது. தூண்களின் பக்கம் செங்குத்து, அதில் வழுக்கும் பாசி, பிடித்தால் கையை அறுக்கும் சிப்பி. ஆகவே விதி எளிது: பாறை ஈரமாகவோ கறுத்துப் பளபளப்பாகவோ இருக்கும் இடம் அலையின் இடம், அங்கே நிற்க வேண்டாம். காய்ந்து வெளுத்த பாறையில் மட்டும் நில்லுங்கள். தடை ரிப்பன் கட்டிய பகுதியைத் தாண்டாதீர்கள். உயிர்காப்பாளர் ஊதும் விசிலுக்கு மறுபேச்சு வேண்டாம், கத்துகிறார்களே என்று கோபிக்கவும் வேண்டாம். இந்தச் சேவையில் முழு மதிப்பெண் தரத்தக்கவர்கள் அவர்கள்தான். குளிக்க ஆசை இருந்தால் மால்பே கடற்கரையில் குளியுங்கள்.

காலுக்கு, பின்பட்டி வைத்த ரப்பர் அடிச் செருப்பு. ஹவாய் செருப்பு பாசியில் வழுக்கும், தண்ணீரில் கழன்று மிதக்கும். தலைக்குத் தொப்பி. குடை காற்றில் நிற்காது. தீவில் குடிநீர் ஊற்று கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டராவது பாட்டிலில் எடுத்துப்போய், அதே பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சிப்பிக் கீறலுக்கு ஒரு கிருமிநாசினியும் பிளாஸ்டரும் இருக்கட்டும். கடல் கீறல் சீக்கிரம் சீழ் பிடிக்கும், நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே ஒட்ட வேண்டும். படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொண்டு, அரை மணி முன்னதாக மாத்திரை போட்டு, படகின் பின்பக்கம் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கைபேசியைப் பார்த்தால் குமட்டல் கூடும்.

நிழற்கூடம், கழிப்பறை, சிறுதீனி எல்லாம் பெயருக்கு உண்டு. கழிப்பறையைக் கரையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

குறைகளில் முதலாவது நேரம். ஒரு மணி நேரம் போதாது. வார நாளில் கூட்டம் குறைவாக இருக்கும்போது, அடுத்த படகில் வருகிறேன் என்று ஏறும் முன்பே கேட்டுப்பாருங்கள். தீவில் போய்க் கேட்டால் எண்ணிக்கை குழம்பும், சம்மதிக்க மாட்டார்கள். இரண்டாவது, விளக்கம் சொல்ல ஆளில்லாதது. ஒன்பது கோடி ஆண்டுப் பாறைக்கு முன்னால் இறக்கிவிட்டு, பாட்டுப் போட்டு, விசில் ஊதித் திரும்ப ஏற்றுகிறார்கள். கன்னடம், தமிழ், மலையாளம் பேசும் உள்ளூர் இளைஞர் இரண்டு பேருக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்தால் இந்தச் சேவையின் முகமே மாறும். டிக்கெட்டில் ஐம்பது ரூபாய் கூட்டினாலும் மனதாரக் கொடுப்பார்கள். மூன்றாவது குப்பை. பாறைப் பிளவுகளில் செருகிய தின்பண்ட உறைகள் பருவமழையில் நேரே கடலுக்குப் போகின்றன. தூண்களில் பெயர் கீறுவதும் நிற்கவில்லை. அதைக் கண்டிக்கும் அக்கறை படகுக்காரர்களிடமும் வர வேண்டும்.

மதிப்பெண் கேட்டால்: படகு ஓட்டும் திறமைக்கு ஐந்துக்கு நான்கு, பாதுகாப்புக்கு நான்கு, ஏறி இறங்கும் வசதிக்கு இரண்டு, விளக்கத்துக்கு ஒன்று. தீவுக்கு ஐந்துக்கு ஐந்து. நீந்தவும் மணலில் விளையாடவும் மட்டுமே விரும்பும் குடும்பம் டிக்கெட் காசை மிச்சம் பிடித்து மால்பே கரையிலேயே இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகள், பாறை பிடித்தவர்கள், குட்டைக்குள் எட்டிப்பார்க்கும் பொறுமை உள்ளவர்கள் கட்டாயம் போக வேண்டும்.

திரும்பும் படகு கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போதே கிழக்குக் கரைக்கு வந்துவிடுங்கள். கடைசியில் ஓடிவருபவர்தான் ஈரப் பாறையில் வழுக்கி விழுகிறார். நீர் ஏறத் தொடங்கியிருந்தால், வரும்போது கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் போகும்போது முழங்காலுக்கு மேல் நிற்கும், அதற்கேற்ப உடையை மடித்துக்கொள்ளுங்கள்.